பொங்கல் லீவில் கராத்தே போட்டி: 9 வயதுப் பெண்ணைக் குமித்தேயில் இறக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மகளுக்கு 9 வயது. ஒன்றரை வருடமாக ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் கிளாஸ் போகிறாள், மஞ்சள் பெல்ட். காணும் பொங்கல் அன்று மதுரையில் சுற்று மாவட்டப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஒரு போட்டி நடக்கிறது, இந்தத் தடவை கட்டா (தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை), குமித்தே (எதிராளியோடு மோதும் ஆட்டம்) இரண்டிலும் பெயர் கொடுங்கள் என்கிறார் மாஸ்டர். எனக்குக் குமித்தே என்றாலே பயம். கட்டாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மொட்டைமாடியில் ஹெய்யான் ஷோதான் என்ற தொடக்கக் கட்டா போடும்போது, மூன்றாவது மேல்தடுப்பில் கியாய், அதாவது உரக்கக் கத்தல், விட வேண்டிய இடம் வந்ததும், பக்கத்து மாடியில் யாராவது துணி காயப்போடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்கிறாள். பொங்கலுக்குத் தென்காசிப் பக்கம் மாமியார் ஊருக்குப் போவோம், போட்டி என்றால் மாட்டுப்பொங்கல் ராத்திரியே பஸ் ஏற வேண்டும். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாய்:
பன்னிரண்டு வருடம் விளையாடினேன், இப்போது போட்டிகளில் நடுவராக உட்காருகிறேன். குமித்தே நீங்கள் நினைக்கிற மாதிரி அடிதடி இல்லை சகோதரி. உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு உதைத்தால் 3. எல்லாமே கட்டுப்பாட்டோடு நிறுத்த வேண்டிய அடிகள்தான், 14 வயதுக்குக் கீழே என்றால் முகத்தில் லேசாகப் பட்டாலே தண்டனை. ஆனால் இது காகிதத்தில் உள்ள விதி. நம் ஊர்ப் போட்டிகளில் அதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பது நடத்துபவர்களைப் பொறுத்தது. அதனால் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த விதிப்படி நடத்துகிறார்கள், டாக்டர் இருப்பாரா, வயது, எடை, பெல்ட் பார்த்து ஜோடி போடுவார்களா. மஞ்சள் பெல்ட் குழந்தையைப் பல படி மேலே உள்ள பிரவுன் பெல்ட்டோடு நிறுத்துகிற இடமாக இருந்தால் மாஸ்டரிடம் தயங்காமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வருடம் கட்டா மட்டும் போதும். ஹெய்யான் ஷோதானில் 21 அசைவு, இரண்டு கியாய். சின்னப் பிள்ளைகள் பதற்றத்தில் ஒரு அசைவை முடிக்காமலே அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள், நாங்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். திரும்புவதற்கு முன்னால் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கியாய் கூச்சம் போக நீங்களும் கூடச் சேர்ந்து கத்துங்கள், இரண்டே வாரத்தில் சரியாகிவிடும்.

கோவில்பட்டி அப்பா:
பையனுக்கு அப்போது 10 வயது. ஒரு போட்டியில் காலை 8 மணிக்கு வரச் சொன்னார்கள், ஆட்டம் நடக்கும் பாயில் ஏறியபோது மதியம் மூன்றரை. ஆட்டம் ஒன்றரை நிமிடம், முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டான். தோற்றது பெரிதில்லை, மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்தபோது அங்கே ஐஸ்கூட இல்லை, யாரோ பஞ்சை நீட்டினார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. அதனால் டாக்டர் விஷயத்தை மேலே சொன்ன மாதிரி கட்டாயம் கேளுங்கள். அப்புறம் காலையில் வயிறு முட்ட வெண்பொங்கல் கொடுக்காதீர்கள், இட்லி, வாழைப்பழம், கையில் தண்ணீர் போதும். அடுத்த வருடம் போகலாமா என்று அவனே கேட்டான், போனோம்.

மணல்மேடு:
மெடல், சர்டிபிகேட்டுக்காகப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை. இந்த மாதிரித் திறந்த போட்டிச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று விசாரிக்காமல் நம்பி இருக்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்த கராத்தே 2024 பாரிஸில் இல்லை, ஒலிம்பிக் ஆசை காட்டிக் கிளாஸில் சேர்க்க ஆள் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஆசை இருந்தால் மட்டும் கூட்டிப் போங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அவளிடமே கேட்டேன், கட்டா போடுகிறேன், சண்டை அடுத்த வருடம் என்றாள். மாஸ்டரும் ஒத்துக்கொண்டார். ஊருக்குப் போன் போட்டால், மாமனார் தானும் மதுரைக்கு வருகிறாராம், பேத்தி கத்துவதைக் கேட்க வேண்டுமாம். கட்டாவுக்கு மௌத் கார்டு, கிளவுஸ் எதுவும் வேண்டாம்தானே?

பழைய பாய்:
வேண்டாம். நகம் வெட்டிவிடுங்கள். கம்மல், வளையல், உலோகக் கிளிப் எல்லாம் கழற்றிவிட்டு முடிக்கு வெறும் ரப்பர் பேண்டு போடுங்கள். ஊரிலிருந்து நேராக வருகிறீர்கள், தலையில் பூ இருந்தால் பாயில் ஏறும் முன் எடுத்துத் தாத்தா கையில் கொடுத்துவிடுங்கள்.