குவாஜலினில் இறங்க முடியாது

ஹவாயின் ஹொனலுலுவில் கிளம்பி, பசிபிக் தீவுகளான மஜுரோ, குவாஜலின், கோஸ்ரே, போன்பே, சூக் என்று நின்று நின்று குவாம் தீவு போய்ச் சேரும் விமானத்தை ஐலண்ட் ஹாப்பர் என்பார்கள். நான் மஜுரோவில் ஏறிப் போன்பேயில் இறங்கினேன். எகானமி, ஜன்னல் சீட். விமானம் சாதாரண போயிங் 737தான்.

மஜுரோவில் ஓடுபாதைக்கு ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் பவளத்தீவு வளைத்து வைத்திருக்கும் உள்கடல். செக்-இன் வரிசையில் சூட்கேஸைவிட ஐஸ்பெட்டிகள்தான் அதிகம். டேப்பைச் சுற்று சுற்றாகச் சுற்றி, மார்க்கரில் பெரிதாகப் பெயர் எழுதியிருந்தார்கள்.

பக்கத்து சீட்டில் ஒரு வயதான அம்மா, குவாஜலின் போகிறவர். அது அமெரிக்க ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளமாயிற்றே, உங்களை இறங்க விடுவார்களா என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். அவர் வீடு தளத்துக்குப் பக்கத்து இபாய் தீவில். ஆனால் விமானம் தளத்தில்தான் இறங்கும், அங்கிருந்து படகு. ஒரு சதுர கிலோமீட்டரில் பாதிகூட வராத இபாயில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சோதனைக்காக அறுபதுகளில் மற்ற குட்டித் தீவுகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களும் அவர்களில் உண்டு. தளத்து வேலைக்குத் தினமும் படகில் போய்வருகிறவர்கள் ஏராளம். அவருடைய மகனும் அப்படித்தானாம்.

தரையிறங்கும் முன்பே படம் எடுக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். அனுமதி உள்ளவர்கள் மட்டும் இறங்கினார்கள். அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, அடையாள அட்டையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நடந்தார். சொந்த ஊருக்குப் போக இவ்வளவு! எனக்கு அது உறுத்தியது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பழகிப்போயிருக்கும்.

அப்புறம் கோஸ்ரே. தட்டைத் திட்டுகளையே பார்த்த கண்ணுக்குத் திடீரென்று பச்சை மலை. ஓடுபாதை சுமார் 1,750 மீட்டர்தான். சக்கரம் தொட்டதும் போடும் பிரேக்கில் எதிர் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அங்கே ஏறியவர் மடியில் ஒரு பை நிறைய கோஸ்ரே ஆரஞ்சு; தோல் பச்சையாகவே இருந்தாலும் நல்ல இனிப்பு. கேட்காமலே ஒன்றை நீட்டினார். விமானத்துடனேயே ஒரு மெக்கானிக்கும் வருவார் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வழியில் ஏதாவது கோளாறு என்றால் இந்தத் தீவுகளில் யாரைத் தேடுவது?

போன்பே நெருங்கும்போது, கடலோரம் செங்குத்தாக நிற்கும் சோகெஸ் பாறை தெரிகிறதா என்று பாருங்கள்.

முழுப் பயணமும் போக நினைப்பவர்களுக்கு: சாப்பாடு கையில் இருக்கட்டும். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு வேறு வருகிறது; மேற்கே தாண்டினால் தேதி ஒரு நாள் முன்னே போய்விடும். திங்கள் காலை ஹொனலுலுவில் ஏறினால் குவாமில் இறங்கும்போது செவ்வாய் மாலை. ஓட்டல் அறையைத் திங்களுக்குப் போட்டுவிடாதீர்கள்.