மொட்டைமாடியில் அலுமினியம் உருக்கலாமா?

மாடிஉலை:
பழைய பைக் பிஸ்டன்களை உருக்கி ஒரு கப்பி வார்த்தேன். உள்ளே களிமண் பூசிய பெயிண்ட் டின்தான் உலை. கரிக்குக் காற்று ஹேர் டிரையரிலிருந்து. லேத்தில் கடைந்து பார்த்தால் துளி ஆட்டம் இல்லை. கடையும் படத்தையும் போட்டிருக்கிறேன். வீட்டில் வார்ப்பு வேலையே கூடாது என்பவர்கள் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழையலேத்:
செய்தவன்தான் தம்பி. கோவையில் பவுண்டரியில், அதாவது உலோக வார்ப்பாலையில், இருபது வருடம். கப்பி அழகு. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஊற்றும்போது காலடியில் என்ன இருந்தது?

மாடிஉலை:
கான்கிரீட் தளம். சித்திரை வெயிலில் எலும்பாகக் காய்ந்தது.

பழையலேத்:
மேலேதான் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். 700 டிகிரியில் அலுமினியம் அதன்மேல் சிந்தினால், ஆவி வெளியேற வழியின்றித் தளமே பெயர்ந்து தெறிக்கும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எங்கள் பவுண்டரியில் ஒரு பையன், பனியில் கிடந்த கட்டியைச் சூடுகாட்டாமல் உலோகக் குழம்பில் போட்டுவிட்டான். 'டொப்' என்று ஒரே சத்தம். அண்ணாந்து பார்த்தால் கூரைத் தகரம் முழுக்க வெள்ளிப் பொட்டு. முகமறைப்பு இருந்ததால் கண் தப்பியது.

மாடிஉலை:
அப்படியானால் பவுண்டரியில் அச்சு செய்யும் பச்சை மணலே ஈரம்தானே? அது ஏன் வெடிப்பதில்லை? சுவாமிமலையில் வீட்டுப் பட்டறையில்தானே சிலை ஊற்றுகிறார்கள்?

பழையலேத்:
நல்ல கேள்வி. மணலில் ஈரம் சொற்பம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. மணிகளுக்கு இடையே ஆவி போய்விடும். தண்ணீரைக் கூட்டினால் அதுவும் கக்கும். சுவாமிமலையில் மெழுகுச் சிலைமேல் பூசிய களிமண் அச்சைச் சுட்டு, மெழுகோடு ஈரத்தையும் விரட்டிவிட்டு, மண்ணில் புதைத்துத்தான் ஊற்றுகிறார்கள். மொட்டைமாடியில் இல்லை.

கடைசல்காரி:
உலையை விடுங்கள். படத்தில் லேத் ஓடும்போது கையுறை போட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பகீர் என்றது. பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் கையுறை நூல் சிக்கினால் கையையும் சேர்த்துச் சுற்றும்.

மாடிஉலை:
கடையும்போது வரும் உலோகச் சுருள் கையைக் கிழிக்கிறதே!

கடைசல்காரி:
லேத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியால் இழுங்கள். உலைக்குத் தோல் கையுறை, லேத்துக்கு வெறுங்கை. சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டு ஸ்விட்சைத் தட்டாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். எதிர்ச் சுவரில் இன்னும் பள்ளம் இருக்கிறது. என் கருத்து: மரத்தில் பேட்டர்ன் (அச்சு எடுப்பதற்கான மாதிரி) செய்து பவுண்டரியில் கொடுங்கள், கடைசல் மட்டும் வீட்டில்.

மாடிஉலை:
ஒரே ஒரு கப்பிக்கு எந்தப் பவுண்டரி முகம் கொடுக்கும்? மூன்று இடத்தில் கேட்டேன். "நூறு பீஸ் இருந்தால் வாருங்கள்" என்றார்கள்.

பழையலேத்:
அது உண்மைதான், மறுக்க மாட்டேன். தெரிந்தவர் இருந்தால் மிச்ச உலோகத்தில் ஊற்றித் தருவார்கள், இல்லாவிட்டால் அலைச்சல்தான்.

மாடிஉலை:
ஆகவே நானே ஊற்றுவேன். ஆனால் மாடியில் இல்லை. கொல்லையில் காய்ந்த மணலை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி. அடுத்தது பழைய பித்தளைக் குழாய்கள்.

பழையலேத்:
பித்தளையா? அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை இழுத்தால் இரவு குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போடும், நானே பட்டிருக்கிறேன். முதலில் இன்னும் பத்துக் கப்பி அலுமினியத்தில் வாருங்கள் தம்பி.

மாடிஉலை:
பத்து அதிகம். ஐந்து.