பே ஓடர் வாங்கலாமா? அவசரம்

நானுஓயா_தம்பி
சனிக்கிழமை பின்னேரம் ஆள் வருகிறார், பே ஓடர்தான் தருவாராம். வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கலாமா? வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மலைத்தேன்
எதற்குச் சாவி? வீடா, வாகனமா? எவ்வளவு? எந்த வங்கி?

கந்தப்பளை_கரட்
பே ஓடர் காசு மாதிரிதான் தம்பி. வங்கி அவருடைய காசை முதலிலேயே எடுத்துக்கொண்டு தன் பொறுப்பில் எழுதிக் கொடுப்பது, சாதாரண செக் மாதிரி கணக்கில் காசில்லை என்று திரும்பாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், நான் இரண்டு லொறி அப்படித்தான் விற்றேன்.

பழைய_கவுண்டர்
கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்பவர் ஒருநாளாவது கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரா? திரும்பாது என்பது உண்மையான பே ஓடருக்கு. கையில் இருப்பது உண்மையானதா என்பதல்லவா கேள்வி? நல்ல பிரின்டர் இருந்தால் சீலும் கையெழுத்தும் அச்சு அசலாக வரும். இதை எத்தனை தடவை எழுதுவது, பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் கொடுத்த கிளை பூட்டியிருக்கும், யாரிடம் கேட்டு உறுதி செய்வீர்கள்?

நானுஓயா_தம்பி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அப்பாவின் டிமோ பட்டா சின்ன லொறி, 17 லட்சம். வாங்குபவர் வெலிமடை, தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுபவராம். பே ஓடரின் படத்தை இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், அதுதான் நம்பிக்கையாக இருக்கிறது.

நியூஜெர்சி_அக்கா
படத்தை நம்பாதே தம்பி. இங்கே இதை கேஷியர்ஸ் செக் என்பார்கள். சட்டப்படி வங்கி பெரும்பாலும் அடுத்த வேலை நாளே காசை எடுக்க விட்டுவிடும், ஆனால் செக் போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எடுத்த காசு முழுவதையும் செக்கைப் போட்டவர்தான் திருப்பிக் கட்ட வேண்டும். விலையை விடக் கூடுதலாக எழுதிக் கொடுத்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அது நூற்றுக்கு நூறு ஏமாற்று. என் பக்கத்து வீட்டுக்காரர் பழைய கார் விற்று அப்படித்தான் மாட்டினார், பாவம்.

ரதல்ல_வளைவு
காசாகவே வாங்கினால் என்ன? 5000 தாள் 340, அவ்வளவுதானே.

கந்தப்பளை_கரட்
10 லட்சத்துக்கு மேல் காசு போட்டால் மத்திய வங்கிக்கு அறிக்கை போகும், பிறகு வீட்டுக்கே வருவார்கள்.

பழைய_கவுண்டர்
வரமாட்டார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிக்கை போவது உண்மை, லொறி விற்ற பத்திரம் இருப்பவர் ஏன் பயப்பட வேண்டும்? தெரியாததை எழுதி ஆட்களைக் கலங்க வைக்காதீர்கள்.

ரதல்ல_வளைவு
அப்படியானால் செஃப்ட்ஸ் போடச் சொல்லுங்கள், வங்கிக்கு வங்கி உடனே காசு அனுப்பும் முறை. ஒரு தடவையில் 50 லட்சம் வரை போகும், ஞாயிறும் வேலை செய்யும்.

கந்தப்பளை_கரட்
அவருடைய செயலியில் அவ்வளவு போடவே விடாது. டிராஃப்ட் எடுக்கச் சொல்லலாம், அதுவும் வங்கி எழுதிக் கொடுப்பதுதான், வெளியூருக்கு அதுதான் முறை.

பழைய_கவுண்டர்
அது அந்தக் காலம். உள்ளூருக்குப் பே ஓடர், வெளியூருக்கு டிராஃப்ட் என்று பார்த்தது செக் கடதாசியாகவே ஊர் ஊராகப் போனபோது. 2006இல் இருந்து வங்கிகளுக்கிடையே செக்கின் படம்தான் போகிறது, இன்று போட்டால் பொதுவாக அடுத்த வேலை நாளில் தெரிந்துவிடும்.

மலைத்தேன்
சண்டையை விடுங்கள். தம்பி, படத்தில் அப்பாவின் பெயர் வங்கிப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எழுதியிருக்கிறதா? நம் தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். என் மாமாவுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியதில் வங்கி வாங்க மறுத்துவிட்டது.

நானுஓயா_தம்பி
ஐயோ. புத்தகத்தில் இனிசியல் கே, இதில் பி.

பழைய_கவுண்டர்
அப்படியானால் அதை வாங்கவே வேண்டாம். எடுத்தவர்தான் கிளைக்குக் கொண்டுபோய் மாற்ற வேண்டும், நீங்களும் வேலை நாளில் கூடவே போங்கள். போனில் கேட்பதாக இருந்தால் அவர் தரும் இலக்கத்துக்கோ பே ஓடரில் இருக்கும் இலக்கத்துக்கோ எடுக்காமல் வங்கியின் இலக்கத்தை நீங்களே தேடி எடுங்கள். கணக்கில் காசு விழும்வரை சாவி, சீ.ஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகம், கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் எதுவும் கைமாறக் கூடாது.

நானுஓயா_தம்பி
அப்பாவோடு வெள்ளி காலை வெலிமடைக் கிளைக்கே போனோம். ஆள் நல்லவர்தான், அவரும் வந்து நின்று பெயரை மாற்றிக் கொடுத்தார். கணக்கில் போட்டு, திங்கள் காசு வந்த பிறகுதான் சாவி கொடுத்தோம். எல்லாருக்கும் நன்றி.