மூடி உப்பிய மீன் டின்

(எங்கள் குடும்பக் குழு, ஞாயிறு காலை)

ஏற்காடு அத்தை: [படம்] நேற்று சேலத்தில் வாங்கி வந்த மத்தி டின். மூடி உப்பியிருக்கிறது. மலையேறினால் சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அப்படித்தானே இதுவும்? மதியக் குழம்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

நான்: அத்தை, திறக்காதீர்கள்!

நான்: சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வாயுவை அடைத்திருக்கிறார்கள். மேலே காற்றழுத்தம் குறைவதால் அது உப்பும். மீன் டின்னோ காற்றை வெளியேற்றி மூடப்படுவது. அதன் மூடி சற்றே உள்வாங்கித்தான் இருக்க வேண்டும். இப்படிப் புடைத்தால் உள்ளே கிருமி வளர்ந்து வாயு சேர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சித்தப்பா: அரை மணி நேரம் கொதித்தால் எந்தக் கிருமி பிழைக்கும்?

நான்: பல கிருமிகள் சாகும் சித்தப்பா, எல்லாமே சாகாது. ஆனால் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை கெட்டால் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது. முகம் சிவந்து தடிக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். அதைவிடக் கொடியது போட்டுலிசம் என்ற உணவு நச்சு நோய். மூச்சுத் தசையையே முடக்கிவிடும்.

ஏற்காடு அத்தை: ஐயோ. கடையிலேயே கொடுத்து மாற்றிக்கொள்கிறேன்.

அக்கா: வேண்டாம் அத்தை. உங்களுக்கு வேறு டின் கிடைக்கும். அதே பெட்டியில் வந்த மற்றவை அலமாரியிலேயே இருக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுப்போம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி அவர் கடைக்குள் சென்று மாதிரி எடுக்கலாம், சரக்கைப் பறிமுதல் செய்யலாம். பகுப்பாய்வகமும் நம் சேலத்திலேயே இருக்கிறது. 14 நாளில் அறிக்கை தர வேண்டும்.

சித்தப்பா: சிறிய கடைக்காரர் அம்மா. அவரா மீனைக் கெடுத்தார்? பிழைப்பு போய்விடும்.

அக்கா: அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை சித்தப்பா. யாரிடம் வாங்கினார் என்பதற்குப் பில் வைத்திருந்தால் காட்டட்டும். அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி, கெட்டுப்போன சால்மன் டின்களையே பிரதிவாதியாக்கி அரசு வழக்குப் போட்டிருக்கிறது. யார் தவறு என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் சரக்கு ஒருவர் தட்டுக்கும் போகக்கூடாது. அந்தக் கடையில் குழந்தைக்காரர்கள் எத்தனை பேர் வாங்குகிறார்கள்!

ஏற்காடு அத்தை: பையில் போட்டுக் கட்டி, தொடாதே என்று எழுதி வைத்துவிட்டேன். பில்லும் இருக்கிறது. மதியம் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும்.

நான்: பேட்ச் எண்ணையும் 14 இலக்க உரிம எண்ணையும் படமெடுத்து அனுப்புங்கள்.

ஏற்காடு அத்தை: [படம்]

சித்தப்பா: போன வாரம் நானும் அங்கே ஒரு டின் வாங்கினேன். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மூடி உப்பவில்லை, ஆனால் அதே பேட்ச் எண். நாளைக் காலை அலுவலகத்துக்கு நானே கொண்டுபோகிறேன். புகாரை எழுதி வை அம்மா, கையெழுத்துப் போடுகிறேன்.