ஸ்கிரிப்டில் /டெவ்/எஸ்டிடிஅவுட் (நிரலின் வழக்கமான வெளியீட்டைக் குறிக்கும் கோப்புப் பெயர், /dev/stdout) எழுதலாமா, கூடாதா?

தரமணி_இரவுப்பணி:
கூடவே கூடாது என்கிறேன். இரவெல்லாம் ஓடிய பேக்கப்பின் வெளியீடு முழுவதையும் > போட்டு ஒரு லாக் கோப்புக்குத் திருப்பியிருந்தோம். முதல் பறக்கும் ரயிலைப் பிடிக்கக் கிளம்பும் முன் திறந்து பார்த்தேன். "முடிந்தது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. கடைசிக் கட்டளையை யாரோ > /டெவ்/எஸ்டிடிஅவுட் என்று முடித்திருந்தார்கள். அது கோப்பை வழித்துத் துடைத்துவிட்டு எழுதியிருக்கிறது.

அடையாறு_ஆலமரம்:
ஒரு > குறிக்காக இவ்வளவு நல்ல வசதியைத் தள்ளிவைப்பதா? 1985-இல் யுனிக்ஸ் எட்டாம் பதிப்பில் வந்த ஏற்பாடு இது: நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் எண்ணுக்கும் /டெவ்/எஃப்டி/3 என்பதுபோல் ஒரு பெயர். கோப்புப் பெயர் கொடுத்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடிக்கும் நிரலுக்கும் பைப்பைக் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாய்) கொடுக்க முடிகிறது. பாஷ் என்ற கட்டளை ஓட்டியில் இரண்டு கட்டளைகளின் வெளியீட்டை, கோப்புகளை ஒப்பிடும் டிஃப் நிரல் நேரே ஒப்பிடுவது இதனால்தான். நீங்கள் >> (துடைக்காமல் கோப்பின் கடைசியில் சேர்க்கும் குறி) போட்டிருந்தால் போதும்.

தரமணி_இரவுப்பணி:
போதாது அண்ணா. பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையில் அந்தப் பெயரைத் திறந்தால், ஏற்கெனவே உள்ள திறப்பின் பிரதி கிடைக்கும். லினக்ஸில் அது, ஓடும் நிரல் திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி அடைவுக்குப் போகும் இணைப்பு. கோப்பு புதிதாகத் திறக்கப்படுகிறது. அனுமதியும் மறுபடி சோதிக்கப்படும். வேறு பயனராக மாறியபின் /டெவ்/எஸ்டிடிஎர்-இல் (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) எழுதப் போய் அனுமதி மறுக்கப்பட்டதும் உண்டு எனக்கு. வெளியீடு போவது சாக்கெட்டுக்கு (நிரல்கள் பேசிக்கொள்ளும் தொடர்பு முனை) என்றால் திறக்கவே திறக்காது. >&1 (ஏற்கெனவே திறந்திருக்கும் 1-ஆம் எண்ணுக்கே, அதாவது வழக்கமான வெளியீட்டுக்கே, அனுப்பும் குறி) எதையும் திறப்பதில்லை, இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அடையாறு_ஆலமரம்:
அந்தப் புதுத் திறப்புதான் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. ஓடிக்கொண்டிருந்த நிரலின் லாகை ஒருவர் அழித்துவிட்டார். நிரல் அதை விடாமல் பிடித்திருந்தது. /ப்ராக்-இல் அந்த நிரலின் எஃப்டி அடைவைப் பட்டியலிட்டேன். பெயரருகே "அழிக்கப்பட்டது" என்ற குறிப்பு. அங்கிருந்தே நகலெடுத்தேன், முதல் எழுத்திலிருந்து வந்தது. பிரதியாக இருந்தால் நிரல் எழுதி நிறுத்திய இடத்திலிருந்துதானே படித்திருக்கும்?

தரமணி_இரவுப்பணி:
மறுக்கவில்லை. அது கையால் செய்யும் மீட்பு. நான் சொல்வது ஸ்கிரிப்டில் எழுதுவதை. இதை ஓட்டிப் பாருங்கள்: வெளியே > போட்டு லாகுக்குத் திருப்புங்கள். உள்ளே "ஒன்று" சாதாரணமாக, "இரண்டு" >> /டெவ்/எஸ்டிடிஅவுட், "மூன்று" மறுபடி சாதாரணமாக.

அடையாறு_ஆலமரம்:
ஓட்டினேன். ஒன்று, மூன்று. "இரண்டு" இருந்த தடமே இல்லை. புதுத் திறப்பு கோப்பின் கடைசியில் எழுதியது. பழைய திறப்பு நின்ற இடம் நகராததால் "மூன்று" அதன் மேலேயே விழுந்துவிட்டது. "இரண்டு", "மூன்று" ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் 18 பைட், எச்சம்கூட மிஞ்சவில்லை. எழுதுவதற்கு >&1 தான், ஒப்புக்கொள்கிறேன். படிப்பதற்கு /டெவ்/எஸ்டிடிஇன்-ஐ (வழக்கமான உள்ளீட்டின் பெயர்) விடமாட்டேன்.