மறுமொழி: கல்லீரல் அழற்சி வைரஸும் ரத்தப் புற்றும் – எங்கே ‘தூண்டிய’, எங்கே ‘தொடர்புடைய’?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். ஹெப்படைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) வைரஸ்களோடு சேர்ந்து வரும் ரத்தப் புற்றுகளை நோயாளிக் கையேட்டில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில், நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ஹெப்படைட்டிஸோடு சேர்ந்து வரும் எல்லா ரத்தப் புற்றுக்கும் ‘காமாலைவழி ரத்தப் புற்று’ என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாமே. மக்களுக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, தவறாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. காமாலை என்றால் நம் மக்கள் எல்லா வகையையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள். குடிநீர் வழியே பரவும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே விலகிவிடும். புற்றுப் பேச்சில் அவற்றுக்கு இடமில்லை. சி வகையோ பலருக்குக் கண்ணில் மஞ்சளே காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கும். காமாலை வந்து குணமானவரை வீணாகப் பயமுறுத்தி, பரிசோதிக்க வேண்டியவரை விட்டுவிடும் சொல் நமக்கு வேண்டாம்.

‘ரத்தப் புற்று’ என்பதும் இங்கே சரியாகப் பொருந்தவில்லை. ரத்தவியல் மருத்துவர்கள் லிம்போமாவையும் (நோய் எதிர்ப்பு வெள்ளையணுவான லிம்போசைட்டில் பிறக்கும் புற்று) அதற்குள்தான் வைக்கிறார்கள். ஆனால் படிப்பவர் மனதில் எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் லுகேமியாதான் வந்து நிற்கும். சி வைரஸோடு உறுதியாக இணைத்துச் சொல்லப்படுவது லிம்போமா. அதற்கு ‘நெறிக்கட்டுப் புற்று’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், அழகான சொல். ஆனால் இந்த நோயில் முக்கியமான ஒரு வகை மண்ணீரலில் வளர்வது. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டாமலே, இடப்பக்க வயிறு மட்டும் கனத்துக்கொண்டு வரலாம். அதனால் நோய் பிறக்கும் அணுவை (லிம்போசைட், தமிழில் நிணவணு) வைத்து ‘நிணவணுப் புற்று’ என்பதே என் தேர்வு.

அப்புறம் முன்னொட்டு: ‘வைரஸ் தூண்டிய’ என்பதா, ‘வைரஸோடு தொடர்புடைய’ என்பதா? சி வகைக்கு நான் ‘தூண்டிய’ என்று துணிந்து சொல்வேன். 2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் காரணம். மண்ணீரல் நிணவணுப் புற்றும் சி வைரஸும் சேர்ந்திருந்த 9 பேருக்கு இன்டர்பெரான் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தார்கள். வைரஸ் ரத்தத்தில் தென்படாமல் போனதும் 7 பேருக்குப் புற்று முழுமையாக அடங்கியது. ஒருவருக்கு வைரஸ் திரும்பி வந்தது, கூடவே புற்றும் வந்தது. இதே புற்று இருந்தும் சி வைரஸ் இல்லாத 6 பேருக்கு அதே மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஆய்வு சிறியதுதான். இருந்தாலும் வைரஸோடு போய் வைரஸோடு வரும் நோய்க்கு ‘தொடர்புடைய’ என்று மட்டும் எழுதினால் பாதி உண்மையை மறைத்ததாகும்.

அது எப்படித் தூண்டுகிறது? சி ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ், தன் மரபுப்பொருளை நம் மரபணுவுக்குள் செருகுவதில்லை. அதன் உறைப்புரதம் பி நிணவணுவின் (நிணவணுவில் ஒரு வகை; ஹெப்படைட்டிஸ் பி அல்ல) மேலுள்ள சிடி81 என்ற புரதத்தில் ஒட்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் சீண்டப்பட்டு, பெருகிக்கொண்டே இருக்கும் அணுக்களில் ஏதோ ஒன்று கட்டுமீறுகிறது என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். வேகமாக வளரும் வகைகளில் வைரஸை ஒழித்தால் மட்டும் போதாது, கீமோதெரபியும் வேண்டும். ஆனாலும் தொடங்கிவைத்தது எது என்பதைத்தானே ‘தூண்டிய’ குறிக்கிறது.

பி வகைக்கு இதே சொல்லைப் போட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வெளியிட்ட தொகுதியில், நிணவணுப் புற்று விஷயத்தில் சி-க்குப் போதிய சான்று உண்டு என்றது. பி-க்கு அந்த நிலையைத் தரவில்லை. அங்கே ‘தொடர்புடைய’ என்பதே நேர்மை.

இதில் அவசரம் கூடாது என்பதற்கு பி வைரஸின் வரலாறே சாட்சி. 1965-இல் அமெரிக்க ஆய்வாளர் பிளம்பெர்க்கின் குழு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ (ஆன்டிஜென் என்றால் உடலின் எதிர்ப்பைத் தூண்டும் பொருள்) பற்றி எழுதியபோது, அது லுகேமியா நோயாளிகளின் ரத்தத்தில் தென்படும் புதிய பொருள் என்றே தலைப்பிட்டார்கள். பிறகுதான் அது ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெளிவானது. அந்த நோயாளிகள் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். நோய் எதிர்ப்பும் குறைந்தவர்கள். அதனால்தான் வைரஸ் அவர்களிடம் எளிதில் தொற்றித் தங்கியது. அன்றைக்கே ‘லுகேமியா வைரஸ்’ என்று பெயர் சூட்டியிருந்தால் எத்தனை குழப்பம் வந்திருக்கும்!

> புற்றுச் சிகிச்சையின்போது பி வைரஸ் மறுபடி தலைதூக்குவதற்கு ‘மறுசெயலாக்கம்’ சரியா?

சரியில்லை அம்மா. நின்றுபோன வங்கிக் கணக்குக்கு எழுதுவது போல் இருக்கிறது. ‘மீள்கிளர்வு’ என்று முன்வைக்கிறேன். பழைய தொற்று ஆறிவிட்டது என்று நினைத்திருப்போம்; நிணவணுப் புற்றுக்குத் தரும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து பி நிணவணுக்களைத் துடைத்ததும் ஈரலில் ஒளிந்திருந்த வைரஸ் கிளர்ந்தெழும். உயிரே போகலாம். 2013-இல் அமெரிக்க மருந்துத் துறை இந்த மருந்துக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியதும் இதனால்தான். நோயாளிக் கையேட்டில் இந்தச் சொல்லை ஒட்டியே இந்த வரியும் வரட்டும்: “ரிட்டுக்ஸிமாப் தொடங்கும் முன் பி வைரஸின் மேலுறை ஆன்டிஜென் சோதனையோடு, பழைய தொற்றைக் காட்டும் உள்ளுறை எதிர்ப்பொருள் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.”

இன்னொரு சிக்கல்: ‘சி வைரஸ் பி அணுவைத் தூண்டும்’ என்று எழுதினால், அந்தப் பி ஹெப்படைட்டிஸ் பி என்றே பலர் படிக்கிறார்கள். வைரஸைச் சொல்லும்போது ‘பி வகை வைரஸ்’, அணுவைச் சொல்லும்போது ‘பி நிணவணு’ என்று ஒவ்வொரு முறையும் முழுசாகவே எழுதலாம். மண்ணீரல் வகையின் பெயரில் வரும் ‘மார்ஜினல் ஜோன்’ என்பதற்கு ‘விளிம்பு மண்டலம்’ என்று வைத்திருக்கிறேன். திசுவியல் தெரிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.