இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி: எந்த நுரையீரல் நோய் என்று எப்படிப் பிரிப்பது?

கேள்வி (நர்சிங் மாணவி)
ஆஸ்துமா, சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நோய்), நிமோனியா, காசநோய் என்று எதை எடுத்தாலும் அதே இருமல், அதே சளி, அதே மூச்சிரைப்பு. மனப்பாடம் செய்தால் பரீட்சைக்குப் போதும், ஆனால் நோயாளி முன்னால் நின்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

வார்டு டாக்டர்
ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே இருக்கட்டும், முதலில் "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேளுங்கள். நிமிஷக் கணக்கில் திடீரென்று மூச்சு முட்டினால் நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்குவது) அல்லது நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி. சில நாளாகக் காய்ச்சல், சளி, மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி என்றால் நிமோனியா. 2 வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவது எல்லாம் சேர்ந்தால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுகிறது, ஆள் நெடுநாள் புகைப்பவர் என்றால் சிஓபிடி. ஆஸ்துமா வந்து வந்து போகும், இரவிலும் விடியற்காலையிலும் கூடும், நடுவில் ஆள் நன்றாகவே இருப்பார்.

தட்டிப்பார்ப்பவன்
கேள்வி சரிதான், ஆனால் கையையும் மறக்காதீர்கள். இப்போது எல்லோரும் நேராக எக்ஸ்ரேக்கு ஓடுகிறார்கள், தட்டிப் பார்ப்பதே போய்விட்டது. நிமோனியாவிலும் சரி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தாலும் சரி, தட்டினால் மந்தமாகத்தான் கேட்கும். நோயாளியை "ஒண்ணு ஒண்ணு ஒண்ணு" என்று சொல்லவைத்து முதுகில் கை வையுங்கள்: நிமோனியா பிடித்து இறுகிய இடத்தில் அதிர்வு கூடும், நீர் இருந்தால் குறையும். நியூமோதொராக்ஸில் அந்தப் பக்கம் தட்டினால் வெற்றாக முழங்கும், மூச்சொலி மட்டும் இருக்காது. அடிப்பகுதியில் மூச்சை இழுக்கும் முடிவில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற மாதிரிக் கேட்டு, வறட்டு இருமலும் இருந்தால் நார்த்திசு நோயை (நுரையீரல் தழும்பேறி இறுகுவது) நினையுங்கள்.

வார்டு டாக்டர்
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒலியை நம்பி ஏமாறவும் கூடாது. கடுமையான ஆஸ்துமாவில் இளைப்புச் சத்தம் நின்றுபோனால் குணமாகிறது என்று அர்த்தமில்லை, காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். ரத்தக்கட்டியில் நெஞ்சு சுத்தமாகவே கேட்கலாம்; கட்டி பெரும்பாலும் காலிலிருந்துதான் வரும், அதனால் ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விரல் நுனி. சிஓபிடி மட்டும் இருந்தால் கிளப்பிங் (விரல் நுனி உருண்டு பருப்பது) வராது. வந்திருந்தால் புற்றுநோயோ வேறு ஏதோ கூட இருக்கிறதா என்று தேடவேண்டும்.

நர்சிங் மாணவி
நன்றி! இதயக் கோளாறிலும் மூச்சிரைப்பு வருமே, அதை எப்படி?

தட்டிப்பார்ப்பவன்
படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் முற்றிய சிஓபிடியிலும் இதயத்தின் வலது பக்கம் சோர்ந்து கால் வீங்கும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூச்சு நிமிஷத்துக்கு 30ஐத் தொட்டால் பிரித்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள்.